பமாகோவை யாரும் கண்டுபிடிக்கவில்லை

ஆப்பிரிக்கப் புகைப்படக் கலை பற்றி ஐரோப்பியப் பத்திரிகைகள் எழுதுவதை வாசித்திருப்பவர்களுக்கு ஒரு கதை மனப்பாடமாகியிருக்கும். மாலி நாட்டின் தலைநகர் பமாகோவில் பள்ளிக்கூடமே போகாத தச்சர் ஒருவர் இருந்தார். அவர் கையில் ஒரு கேமரா கிடைத்தது. செய்வது கலை என்று தெரியாமலே ஆயிரக்கணக்கில் படமெடுத்தார், நெகடிவ்களைப் பெட்டியில் போட்டு மூடினார். பல வருடம் கழித்துப் பாரிஸிலிருந்து ஒருவர் வந்து பெட்டியைத் திறந்தார். உலகம் வியந்தது.

தச்சரின் பெயர் செய்டூ கெய்ட்டா. பெட்டியைத் திறந்தவர் ஆந்த்ரே மன்யான். கெய்ட்டா பள்ளிக்குப் போகவில்லை என்பதும், சிறுவயதில் மர வேலை பழகியவர் என்பதும் உண்மை. மிச்சக் கதையில்தான் வில்லங்கம். அது கெய்ட்டாவைப் பற்றிய கதையாக மட்டும் நின்றிருந்தால் விட்டுவிடலாம். சிற்பம், ஓவியம், சங்கீதம் என்று ஆப்பிரிக்காவிலிருந்து எது வந்தாலும் இதே அச்சில்தான் வார்த்துத் தருகிறார்கள்: அங்கே இருப்பவர்களுக்கு அருமை தெரியாது, இங்கிருந்து போனவர் கண்டு சொன்னார்.

மன்யான் எப்படிக் கண்டார் என்பதையே முதலில் பார்ப்போம். 1991இல் நியூயார்க்கில் சூசன் வோகல் அமைத்த ‘ஆஃப்ரிக்கா எக்ஸ்ப்ளோர்ஸ்’ என்ற பெரிய கண்காட்சியில் பமாகோ ஸ்டுடியோப் படங்கள் சில இடம்பெற்றன. எடுத்தவர் பெயர் தெரியாது என்று குறிப்பு. அந்தப் படங்களால் ஈர்க்கப்பட்ட செல்வந்தர் ஜான் பிகோட்ஸி, தன் சேகரிப்புக்காக ஆப்பிரிக்கா முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்த மன்யானை மாலிக்கு அனுப்பினார். மன்யான் பமாகோவில் இறங்கி, ஒரு டாக்சி ஓட்டுநரிடம் புகைப்படக்காரர் யாராவது உண்டா என்று விசாரித்தார். ஓட்டுநர் அவரைப் புகைப்படக்காரர் மாலிக் சிதிபேயின் ஸ்டுடியோவில் கொண்டுபோய் விட்டார். சிதிபே படங்களைப் பார்த்ததும் இவை கெய்ட்டாவினுடையவை என்றார். கெய்ட்டாவிடம் அழைத்தும் போனார். திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டுவரும் வரலாறு இது. சக கலைஞர் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் சொன்ன ஒருவரை ‘அறியப்படாதவர்’ என்று எந்தக் கணக்கில் சேர்ப்பது? அவரை அறியாதிருந்தது நியூயார்க். தன் அறியாமையை அவர் தலையில் எழுதி, அந்த அறியாமை நீங்கியதை அவருடைய பிறப்பாகக் கொண்டாடியது.

இத்தனைக்கும் கெய்ட்டா பெயரை மறைத்துத் தொழில் செய்தவர் அல்ல. தன் பிரிண்ட்களில் ‘ஃபோட்டோ கெய்ட்டா செய்டூ’ என்று முத்திரை குத்திக் கொடுத்தவர். பமாகோவில் அந்த முத்திரைக்கு மதிப்பு இருந்தது.

அந்த மதிப்பு எப்படி வந்தது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1935இல் அவருடைய சித்தப்பா தியெமொகோ, செனகல் போய்த் திரும்பும்போது ஒரு கோடக் பிரௌனி கேமரா வாங்கிவந்தார். தொடக்கம் அது. ஆனால் கேமரா கிடைத்தவர் எல்லாம் கெய்ட்டா ஆகவில்லை. மூன்தாகா தெம்பெலே என்ற மூத்த புகைப்படக்காரரிடம் இருட்டறை வேலை கற்றார். பியேர் கார்னியே என்ற பிரெஞ்சுக்காரர் பமாகோவில் நடத்திய புகைப்படக் கடையோடும் அவருக்குத் தொடர்பு இருந்தது. 1948இல் பமாகோ கூரா பகுதியில், சிறைச்சாலைக்கு அருகே, ரயில் நிலையத்துக்கு எட்டும் தூரத்தில் சொந்த ஸ்டுடியோ திறந்தார். இடத்தேர்வே ஒரு தொழில் தெரிந்தவனுடையது. டாக்காரிலிருந்து வரும் ரயில் பாதை பமாகோ வழியாகத்தான் போகிறது. ஐவரி கோஸ்ட்டிலிருந்தும் நைஜரிலிருந்தும்கூட ஆட்கள் வந்து படமெடுத்துப் போனார்கள்.

ஸ்டுடியோவுக்குள் மூன்று ஐரோப்பிய சூட்கள், டை, சட்டை, ஷூ எல்லாம் தயாராகத் தொங்கும். கைக்கடிகாரம், பேனா, ரேடியோ, டெலிபோன், ஸ்கூட்டர் இருக்கும். பிற்பாடு அவருடைய சொந்த பெஜோ 203 காரும் சேர்ந்துகொண்டது. வேண்டியதை வாடிக்கையாளர் எடுத்துக்கொள்ளலாம். சுவரில் மாதிரிப் படங்கள் மாட்டியிருக்கும். ‘எனக்கு இந்த மாதிரி’ என்று சுட்டிக்காட்டலாம். அதற்குப் பிறகு கெய்ட்டாவின் முறை. தலையை எவ்வளவு சாய்ப்பது, கையை எங்கே வைப்பது, பூப்போட்ட உடைக்குப் பின்னால் பூப்போட்ட திரையையே விட்டால் என்ன ஆகும், இதெல்லாம் அவர் தீர்மானம். ஆரம்பத்தில் பின்திரையாக இருந்தது அவருடைய சொந்தப் படுக்கை விரிப்பு, ஓரத்தில் குஞ்சம் தொங்கும். சில வருடத்துக்கொருமுறை திரையை மாற்றுவார். படங்களில் தேதி இல்லாவிட்டாலும், திரையை வைத்தே எந்தக் காலத்துப் படம் என்று பிற்பாடு கணிக்க முடிந்தது இதனால்தான். பெரும்பாலும் பகல் வெளிச்சம். 13×18 சென்டிமீட்டர் பிலிம் பொருத்தும் பெரிய கேமரா. பிலிம் விலை அதிகம் என்பதால் ஒரு ஆளுக்கு ஒரே எடுப்பு. சரியாக அமைத்துவிட்டு ஒருமுறைதான் அமுக்குவார்.

ஒரே எடுப்பில் அமைய வேண்டிய படத்தை ‘தற்செயலின் அழகு’ என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். இவர்களுக்கு இருட்டறையில் ஒருநாள் வேலை கொடுத்துப் பார்க்கலாம்.

கெய்ட்டாவைவிட முக்கியமான இன்னொரு தரப்பு உண்டு, அதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. அவருடைய வாடிக்கையாளர்கள். காசு கொடுத்தவர்கள் அவர்கள். பிடிக்காவிட்டால் அடுத்த ஸ்டுடியோவுக்குப் போகக்கூடியவர்கள். பமாகோவில் அப்போது ஸ்டுடியோக்களுக்குப் பஞ்சமில்லை. நகரத்து மனிதராகத் தன்னை எப்படிக் காட்டிக்கொள்வது என்பதில் அந்த குமாஸ்தாக்களுக்கும், வியாபாரிகளுக்கும், பெரிய குடும்பத்துப் பெண்களுக்கும் தெளிவான ரசனை இருந்தது. எந்த நகையை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்பதுவரை அவர்கள் யோசித்து வந்தார்கள். சிலர் பிரிண்ட்டில் நகைக்கும் நகத்துக்கும் வர்ணம் தீட்டச் சொல்லியிருக்கிறார்கள். பமாகோவில் வளர்ந்த எழுத்தாளரும் திரைப்பட இயக்குநருமான மாந்தியா தியாவரா இதை ஆழமாக எழுதியிருக்கிறார்: அந்தப் படங்களில் அமர்ந்திருப்பவர்கள் நவீனத்தால் படமெடுக்கப்பட்டவர்கள் அல்லர், படம் எடுத்துக்கொள்வதன் மூலம் நவீனத்தைத் தங்களுடையதாக்கிக்கொண்டவர்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். கலைக்கு நீதிபதிகள் வேண்டுமென்றால், 1950களிலேயே பமாகோவில் அவர்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். பாரிஸ் நாற்பது வருடம் பிந்தி வந்து தீர்ப்புக்கு நகல் எடுத்தது.

‘பயிற்சியற்ற மேதை’ என்ற அடைமொழி சிதிபே விஷயத்தில் இன்னும் அபத்தம். அவர் பமாகோவின் கைவினைக் கலைப் பள்ளியில் முறையாகப் படித்துத் தேறியவர். ஓவியத் திறமையைப் பார்த்துத்தான் 1955இல் ஜெரார் கியா என்ற பிரெஞ்சுப் புகைப்படக்காரர் தன் கடையை அலங்கரிக்க அவரை அழைத்தார். 1958இல் பமாகோவின் பகதாஜி பகுதியில் அவருடைய ‘ஸ்டுடியோ மாலிக்’ தொடங்கியது. மாலி 1960இல் விடுதலை பெற்றது. அதன் பிறகான சனி இரவுகளில் பமாகோ இளைஞர்கள் தங்கள் கிளப்புகளில் ட்விஸ்ட்டும் ரும்பாவும் ஆடியபோது, ஒரே இரவில் பல விருந்துகளுக்கு மாறி மாறிப் போய் ஃபிளாஷோடு படமெடுத்துவிட்டு, விடியும்வரை கழுவிக்கொண்டிருப்பார். சிறு பிரிண்ட்களுக்கு எண் போட்டு, கிளப் பெயரும் தேதியும் குறித்து, அட்டைக் கோப்புகளில் ஒட்டி ஸ்டுடியோ வாசலில் வைப்பார். இளைஞர்கள் வந்து தங்களைத் தேடிப் பார்த்து ஆர்டர் கொடுப்பார்கள். ஊரார் கூடிப் பார்த்த அந்தக் கோப்புகளுக்குக் கண்காட்சி என்று பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. பார்த்தவர்கள் பமாகோக்காரர்கள் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. 2007இல் வெனிஸ் பியனாலே அவருக்கு வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் கொடுத்தது. ஒரு புகைப்படக்காரருக்கு அது கிடைத்தது அதுவே முதல்முறை, ஆப்பிரிக்கர் ஒருவருக்கும் அதுவே முதல்முறை. வெனிஸ் பியனாலே தொடங்கியது 1895இல்.

கதையின் இன்னொரு கிளை, கேமராவே வெள்ளைக்காரர் கொண்டுவந்த பொருள், ஆப்பிரிக்கர் கையில் அது மிகத் தாமதமாகத்தான் வந்தது என்பது. 1839இல் டாகெர் தன் முறையை அறிவித்த அதே வருடக் கடைசியில் எகிப்தில் படமெடுத்துவிட்டார்கள். எடுத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அமெரிக்காவில் பிறந்த கறுப்பினத்தவரான அகஸ்டஸ் வாஷிங்டன் 1850களில் லைபீரியாவின் மன்ரோவியாவில் டாகெரோடைப் எடுத்துக்கொண்டிருந்தார். அக்ராவில் லட்டரட் குடும்பம் 1870களிலிருந்து தலைமுறை தலைமுறையாக ஸ்டுடியோ நடத்தியது. நைஜர் ஆற்று முகத்துவாரத்தில் போனி என்ற துறைமுக ஊர். அங்கே ஜொனத்தன் அடகோகோ கிரீன், தன் பெயருக்குக் கீழே ‘கலைஞர்-புகைப்படக்காரர்’ என்று விளம்பரப்படுத்திக்கொண்டு தொழில் செய்தார். தன்னைக் கலைஞன் என்று அறிவதற்கு அவர் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. 1897இல் ஆங்கிலேயர் பெனின் அரசைச் சூறையாடி, வெண்கலச் சிற்பங்களை மூட்டை கட்டி, அரசர் ஓவொன்ராம்வெனை நாடுகடத்தக் கப்பலில் ஏற்றியபோது, அந்த அரசரைக் கப்பலில் வைத்துப் படமெடுத்தவர் இந்த கிரீன்தான். சிற்பங்களைக் கண்ட ஐரோப்பிய அறிஞர்களில் சிலர், இவ்வளவு நுட்பத்தை இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று அப்போதே ஆராயத் தொடங்கிவிட்டார்கள். கெய்ட்டாவின் பெட்டிக் கதைக்கு வயது நூறு தாண்டிவிட்டது.

இந்த இடத்தில் வேறொரு தரப்பு எழுந்து பேசும். கோட்டும் சூட்டும் வெஸ்பா ஸ்கூட்டரும் மேற்கைப் பார்த்துச் செய்த நகல்தானே, இதில் ஆப்பிரிக்கத்தனம் எங்கே என்பார்கள். தூய்மை கேட்கிற இந்தக் கூட்டம் முதல் கூட்டத்தின் தாயாதிதான். மேற்கு ஆப்பிரிக்கா என்றதும் நம் நினைவுக்கு வரும் பளீர் நிற மெழுகு அச்சுத் துணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜாவாவின் பாடிக்கைப் பார்த்து டச்சுக்காரர்கள் எந்திரத்தில் செய்த துணி அது. மேற்கு ஆப்பிரிக்கப் பெண்கள் தங்கள் ரசனைக்கேற்ப டிசைன்களை ஏற்றும் தள்ளியும் அதைத் தங்களுடையதாக்கினார்கள். கலைஞர் யிங்கா ஷோனிபாரே தன் சிற்பங்களுக்கு இந்தத் துணியைப் போர்த்துவது இந்தக் கலப்பு வரலாற்றுக்காகத்தான். நைஜர் முகத்துவாரத்துக் கலபாரி மக்கள் பிறப்பிலும் இறப்பிலும் பெட்டியிலிருந்து எடுத்து விரிக்கும் ‘இஞ்சிரி’ என்ற கட்டம்போட்ட பருத்தித் துணி எங்கிருந்து போனது? சென்னையிலிருந்து கப்பலேறியது. அதில் இழைகளை வெட்டி உருவிப் புதுக் கோலம் கொண்டுவருவது கலபாரிப் பெண்களின் தனிக்கலை. அந்தத் துணி யாருடையது என்று நெய்தவரையும் கேட்கலாம், வெட்டியவரையும் கேட்கலாம். இருவரிடமும் பதில் உண்டு. பாரிஸ்காரர் ஆப்பிரிக்க முகமூடியைப் பார்த்து ஓவியம் தீட்டினால் புரட்சி, பமாகோக்காரர் சூட் போட்டுப் படமெடுத்தால் நகல் என்பது என்ன நியாயம்?

தூய்மைப் பித்து எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு பிகோட்ஸி சேகரிப்பே சாட்சி. 1989இல் பாரிஸில் ‘மாஜிசியான் தெ லா தேர்’ என்று ஒரு கண்காட்சி நடந்தது. பூமியின் மாயக்காரர்கள் என்று பொருள். அதில் பணியாற்றியவர் மன்யான். அதைப் பார்த்து மயங்கிய பிகோட்ஸி அவரை அமர்த்தி, ஆப்பிரிக்காவில் வசிப்பவர்களின் ஆக்கங்களாகவே வாங்கிக் குவித்தார். அவர்களில் பெரும்பாலோர் கலைக்கல்லூரி வாசனை படாதவர்கள். மாயக்காரர் என்றால் படிக்கக் கூடாது போலும். நைஜீரியாவின் ஸாரியாவில் 1958இல் உச்சே ஒகெகே, டெமாஸ் ந்வோகோ, புரூஸ் ஒனோப்ரக்பெயா முதலான மாணவர்கள் சங்கம் அமைத்து, ஐரோப்பிய உத்தியையும் சொந்த மரபையும் எந்த விகிதத்தில் சேர்ப்பது என்று அறிக்கை எழுதி விவாதித்தார்கள். சூடானின் கார்டூமில் இப்ராஹிம் எல் சலாஹி அரபு எழுத்தின் வளைவுகளை ஓவியமாக உடைத்துக்கொண்டிருந்தார். இந்த மாதிரி வாதம் செய்கிறவர்கள் பெட்டிக் கதைக்குள் அடங்க மாட்டார்கள், ஆகையால் அவர்களுக்கு இடமில்லை. படித்தவரையும் அந்தக் கதைக்குள் திணிப்பதுண்டு. சிற்பி எல் அனாட்சுய் மதுப் புட்டி மூடிகளைக் கம்பியால் கோத்துச் சுவரளவு திரைகளாக்குகிறார். உடனே ‘குப்பையிலிருந்து கலை’, ‘வறுமையின் படைப்பூக்கம்’ என்று தலைப்புப் போடுகிறார்கள். அவர் கானாவின் குமாசியில் சிற்பம் படித்தவர், 1975 முதல் நைஜீரியாவின் என்சுக்கா பல்கலைக்கழகத்தில் பல தலைமுறை மாணவர்களுக்குக் கற்பித்தவர். மது, ஐரோப்பியர் மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் ஆட்களை வாங்கக் கொண்டுவந்து இறக்கிய சரக்குகளில் ஒன்று என்பதை அவர் அறியாமலா மூடியை எடுத்தார்?

சங்கீதத்தில் இதே கதை வேறு ராகத்தில். 1987 கோடையில் லண்டனின் இஸ்லிங்டனில் ஒரு பப்பில் இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள் சிலர் கூடி, கடைகளில் எந்த அடுக்கில் வைப்பது என்று தெரியாத தட்டுகளுக்கெல்லாம் ‘வேர்ல்ட் மியூசிக்’ என்று ஒரு பெயர் ஒட்டுவதென முடிவுசெய்தார்கள். அது வியாபாரத் தீர்மானம், அதில் தவறில்லை. ஆனால் அதற்குப் பிறகு எழுதப்பட்ட வரலாறுகளில் அந்தப் பப்தான் பிறந்த வீடாகிவிட்டது. பமாகோ ரயில் நிலையத்து ஹோட்டலில் ரயில்வே நிர்வாகத்தின் ஆதரவோடு ‘ரயில் பேண்ட்’ 1970இலேயே வாசித்துக்கொண்டிருந்தது. சலிஃப் கெய்ட்டா பாடத் தொடங்கிப் பெயர் வாங்கிய மேடை அது. 1964இல் மாலி அரசு பத்து இளைஞர்களை ஹவானாவுக்கு சங்கீதம் படிக்க அனுப்பியது. அவர்கள் ‘மரவில்யாஸ் தெ மாலி’ என்ற குழுவாகத் திரும்பினார்கள். பக்கத்து கினியாவில் அரசே ‘சிலிஃபோன்’ என்ற இசைத்தட்டு நிறுவனம் நடத்தியது. மாலியின் இசைக்கலைஞர் அலி ஃபார்கா தூரே, அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ரை கூடருடன் வாசித்த ‘டாக்கிங் டிம்பக்டூ’ 1994இல் வெளிவந்து கிராமி வாங்கியதும், நைஜர் ஆற்றங்கரையிலிருந்து ஒரு விவசாயி உலகுக்குக் கிடைத்தார் என்று எழுதினார்கள். விவசாயிதான், மறுக்கவில்லை. ஆனால் 1970களில் ரேடியோ மாலியில் ஒலிப்பதிவுப் பணியில் இருந்தவரும் அவர்தான்; அப்போதே பிரான்சில் அவருடைய தட்டுகள் வெளிவந்துவிட்டன. ஒலிப்பதிவு அறையை மறைத்து வயலை மட்டும் காட்டினால்தான் கதை விற்கும்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று உண்டு, அதைத் தட்டிக்கழிப்பது நேர்மையாகாது. பாரிஸ்காரர்கள் வந்திராவிட்டால் அந்த நெகடிவ்கள் கரையானுக்கும் ஈரத்துக்கும் இரையாகியிருக்கும், கெய்ட்டாவுக்கு முதுமையில் பேரும் பணமும் கிடைத்திருக்காது என்பார்கள். அவர் 1962இல் அரசுப் புகைப்படக்காரராக அழைக்கப்பட்டு, மறுவருடமே ஸ்டுடியோவை மூடி, 1977இல் ஓய்வுபெற்றவர். 1994இல் பாரிஸின் கார்த்தியே அறக்கட்டளை அவருடைய படங்களைத் தனிக் கண்காட்சியாக வைத்தது. பெரிதாக்கிய பிரிண்ட்களை முதன்முறை பார்த்தபோது தான் அடைந்த மகிழ்ச்சியை அவரே சொல்லியிருக்கிறார். அந்த மகிழ்ச்சியைக் கேள்வி கேட்கும் உரிமை எனக்கில்லை.

ஆனால் வந்தவர்கள் செய்தது என்ன என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும். பமாகோவில் கெய்ட்டா கொடுத்தது உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய பிரிண்ட், சட்டகமிட்டு வீட்டில் வைப்பதற்கும் உறவினருக்குத் தபாலில் அனுப்புவதற்கும் ஆனது. மேற்கின் காலரிகளில் தொங்கியது ஒரு மீட்டரைத் தாண்டிய பிரிண்ட், கறுப்பும் வெளுப்பும் தூக்கலாக, சுவரை அடைக்கும்படி. அளவும் தொனியும் விலையும் பார்வையாளரும் மாறிய பிறகு அது வேறொரு பொருள். அந்த வேறு பொருளைச் செய்தவர்கள் தங்களை அதன் பங்காளிகள் என்று சொல்லிக்கொண்டிருந்தால் யாரும் ஆட்சேபிக்கப் போவதில்லை. 2001இல் கெய்ட்டா இறந்த பிறகு நெகடிவ்கள் யாருக்குச் சொந்தம் என்று பமாகோவிலிருந்த அவர் பெயரிலான சங்கத்துக்கும் பாரிஸ் தரப்புக்கும் இடையே பெரிய தகராறு மூண்டது. கரையானிடமிருந்து காப்பாற்ற மட்டுமே வந்திருந்தால் தகராறுக்கு என்ன வேலை?

காப்பாற்றுவதற்கு வேறு வழி இருந்தது என்பதும் நிரூபணமாகிவிட்டது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகமும் பமாகோவின் புகைப்பட நிறுவனமும் சேர்ந்து, சிதிபே, அப்துரஹ்மான் சகாலி, அதாமா குயாத்தே, மமாது சிஸ்ஸே, திஜானி சிட்டூ ஆகிய ஐவரின் பல்லாயிரம் நெகடிவ்களைத் துடைத்து, ஸ்கேன் செய்து, பட்டியலிட்டன. நெகடிவ்கள் மாலியிலேயே இருக்கின்றன, உரிமை குடும்பங்களிடம். எந்தப் பெட்டியும் விமானம் ஏறவில்லை.

இந்தப் பட்டியலிடும் வேலையைத்தான் காலரிகள் செய்யாமல் விட்டன. மேற்கத்தியச் சுவர்களில் கெய்ட்டாவின் படங்களுக்குக் கீழே ‘தலைப்பில்லை’ என்று எழுதி, ஒரு வருடத்தைப் போட்டு விட்டுவிடுகிறார்கள். சாய்ந்து படுத்திருக்கும் பெண், பூவை ஏந்திய இளைஞன், வெஸ்பாவில் மூவர். அவர்கள் யார்? நியூயார்க்கில் முதலில் பெயர் இழந்தவர் படமெடுத்தவர். அவருக்குப் பெயர் திரும்பக் கிடைத்துவிட்டது, படத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை. மன்யானுக்கு உதவிய டாக்சி ஓட்டுநரைப் போல இன்றும் பமாகோவில் விசாரித்தால் சொல்லக்கூடியவர்கள் இருப்பார்கள்: பேரன் பேத்திகள், பழைய தெருக்காரர்கள். சுவரை அடைக்கும் பிரிண்ட்டுக்குச் செலவழிக்கும் அருங்காட்சியகம் எதுவும், ஒரு ஆளை அந்தப் படங்களோடு பமாகோ கூராவின் வீடுகளுக்கு அனுப்பக் கட்டுப்படியாகாது என்று சொல்ல முடியாது. அந்த முதியவர்கள் இன்னும் எத்தனை வருடம் இருப்பார்கள் என்பதுதான் கேள்வி.